கொதிநீரில் தாங்கிய கைப்பிடி

காளையார்கோவில்
13.8.2025

அன்புத் தங்கச்சி ஷீலாவுக்கு,

சுகம். ஞாயிற்றுக்கிழமை உன்னை விடுதியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அம்மா இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறது. நீ இளைத்துவிட்டாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

வாரம் ஒரு தடவை போனில் பேச விடுகிறார்கள் என்றாலும், வார்டன் சிஸ்டர் உன் பக்கத்திலேயே நிற்கிறார் என்று தெரிந்தால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாவதுக்கு அப்புறம் பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் எழுதியது, அத்தோடு சரி.

பட்டறையில் நெருக்கடி. நாச்சியாபுரத்தில் ஒரு செட்டியார் வீட்டு மணிவிழா, இந்த மாதம் 31. வருகிறவர்களுக்குப் பேர் வெட்டிய குழிப்பணியாரச் சட்டி கொடுக்கிறார்கள், புள்ளிக்கு ஒன்று. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு ஜோடியாம். ஒரே வீட்டில் நாலு புள்ளிகூட இருக்குமாம். சட்டி செய்வது காரைக்குடி மாயக்கண்ணன் அண்ணன், கைப்பிடி செய்வது நாம். முந்நூற்றிருபது சட்டி, அறுநூற்று நாற்பது கைப்பிடி. அப்பா இருந்தபோதும் நம் பட்டறை இவ்வளவு பெரிய ஆர்டரைப் பார்த்ததில்லை. இது நல்லபடியாகப் போனால் அவர் வருஷம் முழுக்க நம்மிடமே எடுப்பார்.

போன ஞாயிறு உங்கள் சமையலறையில் தாளிப்புச் சட்டிக்கும் பணியாரச் சட்டிக்கும் நான் மாட்டிக்கொடுத்த நான்கு கைப்பிடியும் எப்படி இருக்கின்றன? சூடு ஏறுகிறதா, ஆடுகிறதா என்று உங்கள் சமையற்காரச் சிட்டாள் அக்காவிடம் கேட்டு எழுது.

நன்றாகப் படி.

உன் அண்ணன்
சகாய ஆண்டனி

பி.கு: கைப்பிடியைப் பற்றி உடனே எழுது, மறந்துவிடாதே. ஸ்டாம்பு ஒட்டிய உறை உள்ளே வைத்திருக்கிறேன்.

*

காரைக்குடி
16.8.2025

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நெருக்கடி" என்ற சொல்லைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

முதலில் நீ கேட்டது. நான்கு கைப்பிடியும் ஆடவில்லை. சிட்டாள் அக்காவுக்கு உன்மேல் ஒரே பிரியம். பத்து வருஷமாக அந்தத் தாளிப்புச் சட்டியைக் கரித்துணி வைத்துத்தான் தூக்கினார்களாம். "இது பேக்கலைட் அக்கா, எங்க அண்ணன் பட்டறையில செய்தது, இனிமே துணி வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். அவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கரித்துணியைச் சுருட்டி விறகுக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. எங்களுக்கு வேதியியலில் பலபடிகள் பாடம் தொடங்கிவிட்டது. வெப்பத்தால் இளகுபவை, வெப்பத்தால் இறுகுபவை என்று இரண்டு வகை உண்டு, இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்று சந்திரலேகா டீச்சர் கேட்டார்கள். நான் எழுந்து பேக்கலைட் என்றேன். அது பொடியாக வரும், சூடான அச்சுக்குள் போட்டு அழுத்தினால் முதலில் இளகி அச்சு முழுக்கப் பரவும், ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சுட்டாலும் மறுபடி இளகாது, ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கழிவை அரைத்து மறுபடி வார்க்க முடியாது, எங்கள் அம்மா அதை அரம் வைத்து ராவித்தான் எடுக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "புத்தகத்தில் இவ்வளவு இல்லையே" என்றார்கள் டீச்சர். எனக்கு உட்காரவே மனம் வரவில்லை.

அடுத்த தடவை வரும்போது வகுப்பில் காட்ட அந்த ஓரக்கழிவு கொஞ்சம் கொண்டுவா.

உன் தங்கை
ஆரோக்கிய ஷீலா

*

காரைக்குடி
19.8.2025, மாலை

அண்ணா,

இன்று காலை ஏழு நாற்பதுக்குச் சிட்டாள் அக்காவின் காலில் எண்ணெய் கொட்டிவிட்டது.

நான் பக்கத்தில் இருந்தேன். இந்த வாரம் சட்னி ஊற்றும் முறை எனக்கு. அக்கா தாளிப்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, கடுகு போட்டு, இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கிச் சாம்பார் அண்டாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்கள். இடது கைப்பிடி மடங்கியது. ஒடியவில்லை அண்ணா, மடங்கியது. ஒடிந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். சத்தமே இல்லை. சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமையலறைக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது என்பது இங்கே விதி. வெறுங்கால். விரலிலிருந்து கணுக்கால் வரை கொப்புளம்.

அவர்கள் கத்தவில்லை. "பிள்ளைகளா, தள்ளிப் போங்க" என்றுதான் சொன்னார்கள். அதற்கப்புறம் கீழே உட்கார்ந்தார்கள். சிஸ்டர் ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினைந்து நாள் காலை ஊன்றக்கூடாதாம்.

மடங்கிய கைப்பிடியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் நம் அச்சின் மீன் குறி இருக்கிறது. திருகாணி இருந்த இடம் ஆறின மெழுகுபோல வழிந்து நிற்கிறது. எண்ணெய் போகக் கழுவும்போது கை நழுவி வாளிக்குள் விழுந்தது. விழுந்து, மிதந்தது. பேக்கலைட் மிதக்காது. நம் பட்டறையில் மழைத்தண்ணீர் நிற்கும் தொட்டியில் சின்ன வயதில் நான் எத்தனை கைப்பிடிகளைப் போட்டு விளையாடியிருக்கிறேன்! எல்லாமே அடியில்தான் கிடக்கும், கை விட்டுத்தான் எடுப்பேன்.

யாராவது உனக்குப் போலிப் பொடி கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? உடனே பதில் எழுது. கைப்பிடி எங்கே வாங்கியது என்று சிஸ்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ அன்று சாமான் அறைக்குள் இருந்து மாட்டியதால் அவர் உன்னைப் பார்க்கவில்லை. அக்காவுக்குத்தான் தெரியும். அவர்களும் சொல்லவில்லை.

கரித்துணி இன்னும் விறகுக் கூடையில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஷீலா

*

காளையார்கோவில்
21.8.2025

ஷீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த அக்காவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. உள்ளே தீப்புண் களிம்பு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

நீ சின்னப் பிள்ளை, பயந்துவிட்டாய். அடுப்புத் தீயை அளவுக்கு மேல் வைத்திருப்பார்கள். நெருப்பு ஓரமாக ஏறிக் கைப்பிடியை நக்கினால் எந்தச் சரக்கும் தாங்காது. இது புதுச் சரக்கு, மதுரையில் வாங்கியது. மணி மணியாக வரும், பொங்கலுக்கு வாங்கிய ஊசி மிஷினில் போட்டால், ஊசி போடுவதுபோல அச்சுக்குள் ஏற்றி, அரை நிமிடத்தில் ஒரு கைப்பிடி. பேக்கலைட் மாதிரியேதான், அதைவிட மினுமினுப்பு. வியாபாரி சொன்னதை நம்பி நான் எடுக்கவில்லை. ஒரு கைப்பிடியைக் கொதிக்கிற தண்ணீரில் முழுசாக ஒரு மணி நேரம் போட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாத்திரத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

தெரிந்தே கெட்ட சாமானை நீ சாப்பிடுகிற இடத்தில் கொண்டுவந்து மாட்டுவேனா? அதை யோசி.

அந்தக் கைப்பிடியைக் குப்பையில் போட்டுவிடு. டீச்சரிடம் காட்டாதே. சிஸ்டரிடம் பேசாதே. மணிவிழா முடியும்வரை பேச்சே வேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆண்டனி

*

காரைக்குடி
23.8.2025

அண்ணா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. டீச்சரிடம் காட்டாதே என்று எழுதியிருக்கிறாய். நேற்றே காட்டிவிட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை, "ஒரு பாத்திரக் கைப்பிடி" என்றேன்.

ஆய்வகத்தில் பழைய பேக்கலைட் பிளக் ஒன்று இருந்தது. அதையும் உன் கைப்பிடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு தையல் ஊசியை இடுக்கியில் பிடித்துச் செக்கச் செவேலென்று சுட்டேன். பிளக்கில் வைத்தபோது ஊசி இறங்கவில்லை. பழுப்பாக ஒரு புள்ளி விழுந்தது, ஆஸ்பத்திரி வாடை வந்தது. மறுபடி சுட்டு உன் கைப்பிடியில் வைத்தேன். அழுத்தவே இல்லை. காது வரை உள்ளே போய்விட்டது. மெழுகுவத்தி அணைத்த வாடை. டீச்சர் சொன்னார்கள், "இது இளகுற வகை. பாலிபுரொப்பிலீனா இருக்கும். இதையா அடுப்புச் சட்டிக்கு மாட்டினாங்க?" நான் கைப்பிடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நீ கோபப்படாமல் இதைப் படிக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நூறு டிகிரிக்கு மேல் போகாது. ஒரு மணி நேரமானாலும் ஒரு நாளானாலும் நூறுதான். அதற்கு மேல் போகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். தாளிக்கிற எண்ணெய் இருநூறுக்குப் பக்கத்தில் போகும். இந்தச் சரக்கு நூற்றறுபதைத் தாண்டினால் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பாரம் தாங்காமல் வளைந்துவிடும். நீ கொதிக்கவைத்தபோது அதன்மேல் பாரமும் இல்லை, சும்மா தண்ணீரில் மிதந்துகொண்டிருந்திருக்கும். மிதந்ததா இல்லையா? நீ பார்த்திருப்பாய்.

பேக்கலைட்டுக்கும் இதற்கும் மினுமினுப்பில் வித்தியாசம் இல்லை. உள்ளேதான் வித்தியாசம். இதில் நீளநீளமான இழைகள் இடியாப்பம்போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. சுட்டால் ஒன்றையொன்று விட்டு நழுவும், ஆறினால் கிடந்த இடத்தில் நிற்கும். நெய் உறைவதும் இளகுவதும்போல எத்தனை தடவையும் நடக்கும். பேக்கலைட்டில் அந்த இழைகள் அச்சுக்குள் வேகும்போதே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொள்கின்றன. அப்புறம் நழுவ வழி இல்லை. பணியாரம் வெந்துவிட்டால் மறுபடி மாவாகாது, அதுபோல.

இதையெல்லாம் உனக்குப் பாடம் நடத்த எழுதவில்லை. நாச்சியாபுரத்துக்குப் போகிற அறுநூற்று நாற்பது கைப்பிடியில் எத்தனை இது? இன்று 23. இன்னும் எட்டு நாள். முந்நூற்றிருபது வீட்டு அடுப்பு, முந்நூற்றிருபது பேர் கால்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று நாளாகக் கேட்கலாமா வேண்டாமா என்று இருக்கிறேன். நீ எந்தச் சாமானையும் மாட்டிவிட்டு அப்புறம் எப்படி இருக்கிறது என்று கேட்டதே கிடையாது. 13ஆம் தேதிக் கடிதத்தில் ஏன் இரண்டு தடவை கேட்டாய்? ஏன் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினாய்?

ஷீலா

*

காளையார்கோவில்
25.8.2025

ஷீலா,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று செம்மலை அண்ணன் வேனில் கொடுத்துவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அவர் காரைக்குடி வருகிறார்.

இடியாப்பம், பணியாரம் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. உன் டீச்சர் கைதட்டுவார். அப்பா செத்த வருஷம் நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் சேர வேண்டியவன். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இருபத்துநாலு வயதில் என் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறாயா? இன்றைக்கு நீ ஊசியைச் சுட்டு என் தொழிலை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாய்.

மாயக்கண்ணன் அண்ணன் எல்லாச் சட்டிக்கும் மாட்டி, பேர் வெட்டி, நாச்சியாபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இப்போது போய் நான் என்ன சொல்ல? "என் தங்கச்சி பன்னிரண்டாவது படிக்கிறா, அவளுக்குச் சந்தேகம்" என்றா? ஒரு வார்த்தை வெளியே போனால் இந்த ஜில்லாவில் எவனும் நம்மிடம் ஒரு பிடிகூட எடுக்கமாட்டான். நம் அச்சைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். அம்மா எங்கே போகும்?

பணியாரத்துக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றுவார்கள்? குழிக்கு ஒரு சொட்டு. அதில் யார் கால் வேகப்போகிறது?

நீ படிக்கப் போன இடத்தில் படி. வாயைத் திறந்தால் எனக்குத் தங்கச்சி இல்லை.

ஆண்டனி

*

காரைக்குடி
26.8.2025, மாலை நாலே முக்கால்

அண்ணா,

செம்மலை அண்ணன் வாசலில் தேநீர் குடிக்கிறார். அவர் டம்ளரை வைப்பதற்குள் முடிக்க வேண்டும்.

நீ ஏன் படிப்பை விட்டாய் என்று நான் கேட்காதது உண்மை. கேட்டால் பதில் நானாக இருக்குமோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அதற்கு நீ எப்போது வேண்டுமானாலும் என்னைத் திட்டலாம். ஆனால் இது அதற்கான கடிதம் இல்லை.

குழிக்கு ஒரு சொட்டு என்கிறாய். ஏழு குழிச் சட்டி அடுப்பில் காய்ந்து நிற்கும்போது, ஒரு குழந்தை இடுப்பில், இன்னொரு கையில் சட்டியைத் தூக்கினால் என்ன ஆகும்? சிட்டாள் அக்காவும் அன்று சும்மா சாம்பார்தான் தாளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், சிஸ்டரிடம் அனுமதி வாங்கி. களிம்பைக் கொடுத்தேன். நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லிவிட்டேன். எங்கள் அண்ணன் அனுப்பியது என்றேன். துணி வேண்டாம் என்று சொன்னது நான் என்றேன். அவர்கள் களிம்பு டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். "ஒன் அண்ணனுக்குத் தெரியுமா, அது உருகும்னு?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது பொய். எனக்குத் தெரியும்.

மீதி மூன்று கைப்பிடியையும் நானே திருகாணி கழற்றி எடுத்துவிட்டேன். மூன்றும் மிதந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கை அச்சில் ஒரு தடவைக்கு இரண்டு, ஐந்து நிமிடம். மணிக்கு இருபத்துநாலு. அறுநூற்று நாற்பதும் இதுவாகவே இருந்தாலும் இருபத்தேழு மணி நேரம். நாளைக் காலை தொடங்கினால் சனிக்கிழமைக்குள் முடியும். வியாழன் தாண்டினால் முடியாது.

வியாழன் மாலை ஐந்து மணி வரை காத்திருப்பேன். உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் வார்டன் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்வேன், மீன் குறி யாருடையது என்பது உட்பட. தங்கச்சி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும். அப்போதும் சொல்வேன்.

டம்ளரை வைத்துவிட்டார்.

ஷீலா

*

காரைக்குடி
28.8.2025

அண்ணா,

மணி நாலு ஐம்பது. இன்று வேன் வரும் நாள் இல்லை என்று தெரிந்தும் மூன்றரையிலிருந்து வாசலிலேயே நின்றேன். தபால்காரர் வந்து போய்விட்டார். விடுதித் தொலைபேசி ஒரு தடவை அடித்தது. வேறொரு பெண்ணுக்கு.

சிஸ்டர் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். மடங்கிய கைப்பிடி என் கையில் இருக்கிறது. இதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று நீ நினைக்கக் கூடாது.

ஐந்து.

ஷீலா

*

காளையார்கோவில்
1.9.2025

ஷீலாவுக்கு,

நாலு நாளாகக் கையில் பேனா பிடிக்கவில்லை, அச்சுக் கைப்பிடியைத்தான் பிடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை செம்மலை அண்ணன் வந்தபோது நான் கடைத்தெருவில் இருந்தேன். உன் கடிதத்தை அவர் அம்மா கையில் கொடுத்துவிட்டார், அம்மா பிரித்துப் படித்துவிட்டது. வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பதில் எனக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹீட்டர் காயில். அதைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை. ஜூலைக் கடைசியில் பழைய அச்சின் காயில் எரிந்துவிட்டது. அதுவரை இருநூறு பிடிதான் அடித்திருந்தேன். புதுக் காயில் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் மீதி நானூற்று நாற்பதையும் ஊசி மிஷினில் ஓட்டிவிட்டேன். காயில் வந்து ஐந்து நாளாகியும் பெட்டியைப் பிரிக்கவில்லை. பிரித்தால் மறுபடி செய்ய வேண்டிவரும் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா சத்தம் போடவில்லை. "மொதல்ல இதப் பிரிடா. சோத்தப் பத்திப் பெறகு பேசுவம்" என்றது. புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, எலக்ட்ரீஷியன் யாரும் வரமாட்டார்கள். நானே மாட்டினேன். மதியத்திலிருந்து அடிக்கத் தொடங்கினோம். நான் அழுத்த, அம்மா ஓரம் ராவ.

வியாழக்கிழமை அச்சை அம்மாவிடமும் செம்மலை அண்ணனிடமும் விட்டுவிட்டு நாச்சியாபுரம் பஸ் ஏறினேன். அந்த வீட்டு ஆச்சி வளவில், உள்முற்றத்து ஓரமாக, உட்கார்ந்து வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். "எங்கேருந்து வாரீக?" என்றார்கள். கைப்பிடி செய்தவன் என்றேன். ஒரு வாளி தண்ணீர் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். அடுக்கியிருந்த சட்டியிலிருந்து நாலு பிடியைக் கழற்றி வாளியில் போட்டேன். ஒன்று அடியில் போனது. மூன்று மிதந்தன. மிதக்கிறது உருகும் என்று சொன்னேன். உன் விடுதிச் சமையற்கார அக்கா கால் வெந்ததையும் சொன்னேன்.

அப்போது அவர்கள் போன் அடித்தது. உங்கள் சிஸ்டர். மாயக்கண்ணன் அண்ணனிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். ஆச்சி என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். கடைசியில், "ஆமா சிஸ்டர், அந்தப் பையன் இங்கனதான் வாளியோட உக்காந்திருக்கான்" என்றார்கள். மணி ஐந்து இருபது. நீ சொன்னபடியே செய்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

ஆச்சி திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர்கள் திட்டவில்லை. சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகிற பதினோரு புள்ளிக்கு முன்னாலேயே கொடுத்தாயிற்று என்று நோட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்கள். "சட்டிய அடுப்புல ஏத்தாதீக, பிடி மாத்தி வரும்" என்று பதினோரு தடவை. நான் பக்கத்தில் நின்று பதினோரு தடவையும் கேட்டேன். அதற்கு அவர்கள் என்னை அடித்திருக்கலாம்.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாச் சட்டிக்கும் மாற்றினோம். ஒவ்வொரு பிடியையும் வாளியில் போட்டுப் பார்த்துத்தான் மாட்டினேன். மணிவிழா நடந்தது. சட்டிகள் போய்விட்டன. வெளியூர்ப் பதினோரு பேருக்கும் பார்சல் அனுப்பியாயிற்று. ஆச்சி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இனி நம்மிடம் எடுக்கமாட்டோம் என்றும் சொன்னார்கள், சோறு போடுகிற அதே குரலில். மாயக்கண்ணன் அண்ணன் பேசுவதே இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

கொதிதண்ணீரில் போட்டபோது அது மிதந்தது. பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்தது. நம் வீட்டு அடுப்பில் மாட்டினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். உங்கள் சமையலறையில் தினமும் எண்பது பேருக்கு அடுப்பு எரிகிறது, ஒரு வாரம் தாங்கினால் முந்நூற்றிருபது வீட்டிலும் தாங்கும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் மாட்டினேன். பாசத்தில் இல்லை. அதனால்தான் இரண்டு தடவை கேட்டேன். 18ஆம் தேதி மதியம் உன் பதில் வந்தது, ஆடவில்லை, துணியைக்கூடப் போட்டுவிட்டார்கள் என்று. அன்று சாயந்திரமே பெட்டிகளை வேனில் ஏற்றினேன். மறுநாள் காலை அந்த அக்கா காலில் கொட்டியது.

நீ சாப்பிடுகிற இடத்தில் கெட்டதை மாட்டுவேனா என்று எழுதினேனே. மாட்டினேன்.

கழற்றிய நானூற்றுச் சொச்சம் பிடியையும் அரைத்துத் துணி கிளிப் அடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இந்தச் சரக்கு போதும், வெயிலைத் தாங்கும். உனக்கு இரண்டு டஜன் அனுப்புகிறேன். பேக்கலைட் கழிவும் நீ கேட்டபடி ஒரு பொட்டலம். விடுதிக்கு நான்கு புதுப் பிடி. கூடவே ஒரு ஊசி வைத்திருக்கிறேன். நீயே சுட்டுப் பார். என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

14ஆம் தேதி ஞாயிறு பெற்றோர் நாள். நான் வரலாமா என்று எழுது.

ஆண்டனி

*

காரைக்குடி
5.9.2025

அண்ணா,

பொட்டலம் வந்தது. நான்கையும் வாளியில் போட்டேன், நான்கும் அடியில் போயின. ஊசியையும் சுட்டு வைத்தேன், இறங்கவில்லை. சந்திரலேகா டீச்சரிடம் ஓரக்கழிவைக் கொடுத்தேன். யாருடைய கைப்பிடி என்பதையும் இந்தத் தடவை சொன்னேன். சிஸ்டர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டார். உன்னையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை நான்கு தடவை படித்தேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. இதற்கும் ஒரு பாட உதாரணம் எழுதலாம், எழுதப் பிடிக்கவில்லை. நான் எழுதிய ஒரு வரியைப் பார்த்துத்தான் நீ பெட்டிகளை ஏற்றினாய் என்பதை மட்டும் என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. "ஆடவில்லை" என்று எழுதினேன். சூடு ஏறுகிறதா என்று நீ கேட்டதற்கு நான் பதிலே எழுதவில்லை. கேட்காமலேயே விட்டுவிட்டேன். இனி எதையும் அப்படி எழுதமாட்டேன்.

சிட்டாள் அக்கா நேற்றிலிருந்து வேலைக்கு வருகிறார்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காய் நறுக்க மட்டும். தோல் இளஞ்சிவப்பாக உரிந்திருக்கிறது. நீ எழுதியதை, சமையலறையில் வைத்துச் சோதித்ததையும் சேர்த்து, அவர்களிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அதை மறைத்துவிட்டு உன்னை வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. நான் முடித்த பிறகு புதுக் கைப்பிடி ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒன் அண்ணன வரச் சொல்லு. முன்னறைக்கு வேணாம், அடுப்படிக்கு வரட்டும். இந்தப் பிடிய மாட்டி, எண்ணெயக் காயவச்சு, கரித்துணி இல்லாம அவனே தூக்கி அண்டா வரைக்கும் நடக்கட்டும். நான் இங்குட்டு ஸ்டூல்ல உக்காந்து பாக்குறேன்."

எனவே வா. 14ஆம் தேதி, காலை ஏழு நாற்பதுக்கு. கைப்பிடிகளை நான் மாட்டி வைத்திருப்பேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஷீலா